யாரை இறக்குவது? யாரை உட்கார வைப்பது?

(நமது பெங்களூர் நிருபர்)

அமெரிக்காவில் இரவு எட்டரை மணி ஆகும்போது நமக்கு மறுநாள் காலை 6 மணி. 2025 ஜூன் மாதம் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிப் போட்டிகள் நடந்தபோது, எங்கள் ரயில்வே குடியிருப்பில் நாலைந்து பேர் முதல் ஷிப்டுக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது வழக்கமாயிற்று. அவர்களில் 17 வயதுப் பையன் ஒருவன். பிட்டர் வேலை பார்ப்பவரின் மகன். ஆறடி மூன்று அங்குல உயரம். பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவன்.

முதல் ஆட்டத்தன்று அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"ஏழடி ஆளை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஆறே கால் அடி ஆளை இறக்குகிறார்களே, ஏன் அண்ணா?"

நல்ல கேள்வி. அன்று அமெரிக்காவில் பெரிய நிபுணர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். அந்த ஆண்டு 82 லீக் ஆட்டங்களில் 68 வெற்றி பெற்று முதலிடத்தில் நின்ற அணி ஓக்லஹோமா சிட்டி தண்டர். இறுதிப் போட்டிக்கு வரும்வரை அவர்களின் தொடக்க ஐவரில் ஐசாயா ஹார்டன்ஸ்டைன் என்ற ஏழடி சென்டர் இருந்தார். இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட் அவரை பெஞ்சில் உட்கார வைத்தார். கேசன் வாலஸ் என்ற இளம் கார்டை இறக்கினார். எதிரணியான இந்தியானா பேசர்ஸ் வேகமாக ஓடும் அணி; அதற்கு ஏற்றபடி வேகமான ஆளை இறக்கினார் என்று கருதப்பட்டது.

கடைசிக் கால் பகுதியில் தண்டர் 15 புள்ளி முன்னிலை பெற்றிருந்தது. ஆனாலும் தோற்றது! ஆட்டம் முடிய 0.3 வினாடி இருக்கும்போது இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்டன் பந்தைக் கூடைக்குள் போட்டார். முடிவு 111-110. அந்த ஆட்டம் முழுவதிலும் இந்தியானா முன்னிலை பெற்றது அந்த ஒரே தடவைதான்.

உடனே சர்ச்சை கிளம்பியது. வெற்றி தேடித் தந்த அணியை எதிரிக்காக மாற்றலாமா? 68 ஆட்டம் வென்றவன் 50 ஆட்டம் வென்றவனைப் பார்த்து ஏன் மாற வேண்டும்? அவன் அல்லவா இவனைப் பார்த்து மாற வேண்டும்?

இந்தச் சர்ச்சையைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

240 நிமிடக் கணக்கு

நம்மவர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட் ரசிகர்கள். கிரிக்கெட்டிலும் எதிரியைப் பார்த்து அணி அமைப்பது உண்டு. பந்து சுழலும் ஆடுகளம் என்றால் ஒரு வேகப்பந்து வீச்சாளரை நிறுத்திவிட்டு இன்னொரு சுழல் பந்து வீச்சாளரைச் சேர்ப்பார்கள். ஆனால் டெஸ்ட் ஆட்டத்தில் காலையில் பட்டியல் கொடுத்துவிட்டால் அதோடு சரி. தவறு செய்துவிட்டோம் என்று மதியம் தெரிந்தாலும் ஐந்து நாளும் அந்தப் பதினொரு பேரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

கூடைப்பந்து அப்படி அல்ல. களத்தில் ஐந்து பேர். வெளியே அழைத்த ஆளை மறுபடி இறக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே, தவறைத் திருத்த வழி இருக்கிறது. ஆனால் திருத்தாமல் இருந்தால் சாக்குச் சொல்ல வழி இல்லை!

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். ஐந்து பேர். ஆக மொத்தம் 240 ஆள்-நிமிடம். (நம் நாட்டிலும் மற்ற சர்வதேசப் போட்டிகளிலும் 40 நிமிடம், அதாவது 200 ஆள்-நிமிடம்.) இந்த 240 நிமிடத்தை யார் யாருக்கு எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் பயிற்சியாளரின் முக்கிய வேலை. இதற்கு ரொட்டேஷன் என்று பெயர்.

ஆபீசில் டூட்டி ரோஸ்டர் போட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். கெட்டிக்கார குமாஸ்தா ஒருவர் இருக்கிறார் என்பதற்காக அவரையே இரவு பகல் கவுன்டரில் உட்கார வைக்க முடியாது. சாதாரண நாளில் நிதானமான ஆள் போதும். தீபாவளி, பொங்கல் கூட்டம் என்றால் கை வேகம் உள்ள ஆள் வேண்டும். கூட்டம் எப்படியோ, அப்படி ஆள். கூடைப்பந்தில் எதிரணி எப்படியோ, அப்படி ஆள். தத்துவம் ஒன்றுதான்.

உயரமா? வேகமா?

உயரமான ஆள் இருந்தால் கூடைக்கு அடியில் அவர் ராஜா. எதிரி பந்தை எறிந்தால் தடுப்பார். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பார். இதற்கு ரீபவுண்டு என்று பெயர். ஒரு காலத்தில் இரண்டு உயரமான ஆட்களை வைத்திருந்தால் பாதி ஆட்டம் வென்றதுபோல.

3 புள்ளி வீச்சு இந்தக் கணக்கை மாற்றியது. எதிரணியின் உயரமான ஆள் கூடைக்கு அடியில் நிற்காமல் வெளியே 24 அடி தூரத்தில் வந்து நின்று பந்தெறிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஏழடி ஆள் என்ன செய்வார்? கூடைக்கு அடியிலேயே நின்றால் அவர் அங்கிருந்து 3 புள்ளி எடுப்பார். அவரைத் துரத்திக்கொண்டு வெளியே போனால் கூடைப் பக்கம் காலியாகும். பெரிய பூட்டைப் பெட்டியிலிருந்து கழற்றித் தெருவில் மாட்டியதுபோல ஆகிவிடும்.

அப்படிப்பட்ட எதிரிக்கு எதிராக உயரமான ஆளை நிறுத்திவிட்டு ஓடக்கூடிய ஆளை இறக்குவது உண்டு. இதில் லாபமும் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. வேகம் கூடும். ரீபவுண்டு குறையும். எது அதிகம் என்று கணக்குப் பார்ப்பதுதான் சூட்சுமம்.

28 வயது உதவியாளர் சொன்ன யோசனை

இந்தக் கணக்கு எப்படிப் பலிக்கும் என்பதற்கு 2015 இறுதிப் போட்டியைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஒரு பக்கம். கிளீவ்லாந்து கவாலியர்ஸ் மறுபக்கம். கிளீவ்லாந்தில் லெப்ரான் ஜேம்ஸ். அந்த அணியின் கெவின் லவ் முன்பே தோள் காயத்தால் விலகியிருந்தார். முதல் ஆட்டத்திலேயே கைரி இர்விங்கின் முழங்கால் சில்லு உடைந்தது. இவ்வளவு அடிபட்டும் மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது கிளீவ்லாந்து 2-1 என்று முன்னிலை பெற்றிருந்தது. காரணம், லெப்ரானின் அசுர பலம்; அதோடு திமோபி மோஸ்கோவ், டிரிஸ்டன் தாம்சன் என்ற இரண்டு பெரிய ஆட்கள். ஆட்டத்தை மெதுவாக்கி, இழுத்து, வாரியர்ஸை ஓட விடாமல் கட்டிப்போட்டார்கள்.

வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெரிடம் நிக் யூரென் என்று ஓர் உதவியாளர் இருந்தார். வயது 28. ஆட்டப் படங்களைத் தொகுத்துக் கொடுப்பது, பயிற்சி நேரத்தில் போடும் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது போன்றவை அவர் வேலைகள். மூன்றாவது ஆட்டத்தில் தோற்ற பிறகு அவர் முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியின் படத்தைப் போட்டுப் பார்த்தார்.

2014-ல் அதே லெப்ரான் மியாமி ஹீட் அணியில் இருந்தார். எதிரே சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். இரண்டு ஆட்டங்கள் முடிந்து 1-1 என்று இருந்தபோது, ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் பெரிய ஆளான டியாகோ ஸ்பிலிட்டரைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, பந்தை நன்றாகக் கடத்தக்கூடிய போரிஸ் டியாவை இறக்கினார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் ஸ்பர்ஸ் வென்றது. 111-92, 107-86, 104-87. மூன்றும் பெரிய வெற்றிகள்.

இதைப் பார்த்த யூரென், "நாமும் அப்படிச் செய்தால் என்ன?" என்று இரவோடு இரவாக மேலே தகவல் அனுப்பினார். சென்டர் ஆண்ட்ரு போகட்டை எடுத்துவிட வேண்டும். ஆறடி ஆறு அங்குலமுள்ள ஆந்த்ரே இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்க வேண்டும். அதே உயரமுள்ள டிரேமண்ட் கிரீன் சென்டராக ஆட வேண்டும். இதுதான் யோசனை.

நம் ஆபீஸ்களில் கீழ்நிலை ஊழியர் ஒருவர் இப்படி யோசனை சொன்னால் அது மேஜைக்கு மேஜை நகர்ந்து அடுத்த நிதியாண்டில்தான் மேலே போகும். கெர் மறுநாளே ஏற்றுக்கொண்டார். வெற்றிக்குப் பின் யோசனை யாருடையது என்று வெளிப்படையாகவும் சொன்னார். இந்த இரண்டாவது விஷயம் முதல் விஷயத்தைவிட அபூர்வம்!

நான்காவது ஆட்டம் தொடங்கியது. எடுத்த எடுப்பில் கிளீவ்லாந்து 7-0. யாராக இருந்தாலும் கை நடுங்கியிருக்கும். போகட்டை உள்ளே அனுப்பத் தோன்றியிருக்கும். கெர் பொறுத்தார். சிறிய ஐவர் ஓட ஆரம்பித்தார்கள். முடிவு 103-82. போகட் மூன்று நிமிடம்கூட ஆடவில்லை. கடைசிக் கால் பகுதியில் கிளீவ்லாந்து எடுத்தது வெறும் 12 புள்ளி.

இங்கேதான் 240 நிமிடக் கணக்கு வருகிறது. அந்த இறுதிப் போட்டியில் லெப்ரான் ஆட்டத்துக்குச் சராசரியாக 45 நிமிடத்துக்கு மேல் ஆடினார். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் டெல்லவடோவா தசைப்பிடிப்பால் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள அணியை ஓட வைத்தால் என்ன ஆகும்? மூச்சு வாங்கும். வாரியர்ஸின் சிறிய ஐவர் வெறும் உயரத்தைக் குறைத்த ஏற்பாடு அல்ல. எதிரியின் ரோஸ்டரில் எங்கே ஆள் இல்லை என்று பார்த்து, அந்த இடத்தில் பாரம் ஏற்றிய ஏற்பாடு.

எதிரி செய்த தவறு

இதைவிட முக்கியமானது அடுத்த ஆட்டத்தில் நடந்தது.

நான்காவது ஆட்டத்தில் கிளீவ்லாந்து தோற்றாலும், மோஸ்கோவ் 28 புள்ளி எடுத்திருந்தார். எதிரே ஆறரை அடி ஆட்கள்; இவர் ஏழடி ஓர் அங்குலம். எடுக்க மாட்டாரா? ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் கிளீவ்லாந்து பயிற்சியாளர் டேவிட் பிளாட், வாரியர்ஸைப் போலவே தாமும் சிறிய அணியாக மாறினார். மோஸ்கோவ் ஆடியது 9 நிமிடம். புள்ளி பூஜ்யம். லெப்ரான் தனி ஆளாக 40 புள்ளி, 14 ரீபவுண்டு, 11 அசிஸ்ட் எடுத்தும் பயனில்லை. வாரியர்ஸ் 104-91 என்று வென்றது. கரி 37 புள்ளி.

பிளாட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. மோஸ்கோவ் 28 எடுத்த ஆட்டத்தில்தான் அவர்கள் 21 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஓட முடியாத ஆளை வைத்துக்கொண்டு எப்படித் தடுப்பது என்று அவர் யோசித்திருக்கலாம். ஆனால் வேக ஓட்டத்தில் வாரியர்ஸோடு போட்டி போட அவரிடம் ஆள் இல்லையே! கையில் இருந்த பலத்தைக் கீழே வைத்துவிட்டு, கையில் இல்லாத பலத்தை நம்பி அவர் களம் இறங்க வேண்டியதாயிற்று.

கெர் செய்த மாற்றத்தின் முழு வெற்றி இதுதான். தாம் மாறியது மட்டும் அல்ல. எதிரியை அவருக்குப் பழக்கமில்லாத இடத்துக்கு இழுத்து வந்தார். ஆறாவது ஆட்டத்தையும் 105-97 என்று வென்று வாரியர்ஸ் சாம்பியன் ஆனது.

அடுத்த ஆண்டு அதே கெர்

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் உயரமான ஆளை எடுத்துவிட்டால் வெற்றிதான்" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

2016-ல் அதே இரண்டு அணிகள் மறுபடி மோதின. வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலை பெற்று, பிறகு 3-3 என்று ஆயிற்று. போகட் முழங்கால் காயத்தால் விலகிவிட்டார். இகுவடாலாவுக்கு முதுகு வலி. ஏழாவது ஆட்டத்தில் கெர் இம்முறை எதிர்த் திசையில் போனார். பெஸ்டஸ் எசெலி என்ற சென்டரைத் தொடக்க ஐவரில் இறக்கினார்.

எசெலி கூடையை நோக்கி எறிந்த நான்கு பந்தில் ஒன்றும் விழவில்லை. கடைசிக் கால் பகுதியில் வாரியர்ஸ் 87-83 என்று முன்னிலையில் இருந்தபோது, எசெலி வெளி வட்டத்தில் லெப்ரானிடம் மாட்டிக்கொண்டார். 3 புள்ளி வீச்சின்போது பவுல் செய்தார். மூன்று பிரீ த்ரோவும் உள்ளே. சற்று நேரத்தில் அதே எசெலியின் தலைக்கு மேல் லெப்ரான் ஒரு 3 புள்ளி. ஆக 6 புள்ளி. ஆட்டத்தின் முடிவு 93-89. வித்தியாசம் 4 புள்ளிதான்!

எசெலியைக் குறை சொல்வது நியாயம் அல்ல. அவர் கூடைப் பக்கம் நிற்க வேண்டிய ஆள். அவரை அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்க வைத்தது கணக்கு. ஒரு வருடம் முன் வெளியே இருந்த யோசனையை வரவேற்றுக் கோப்பை வென்ற அதே பயிற்சியாளர், ஆள் காயத்தால் இக்கட்டில் மாட்டி, கணக்குத் தவறி, கோப்பையை இழந்தார். ஆகவே இதில் சர்வரோக நிவாரணி என்று எதுவும் கிடையாது.

2025-ல் நடந்தது என்ன?

இப்போது பையன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

இந்தியானாவின் சென்டர் மைல்ஸ் டர்னர் வெளியே வந்து 3 புள்ளி எறிகிறவர். அவர்கள் பந்தை வேகமாகக் கடத்துகிறவர்கள். அந்த அணியின் பயிற்சியாளர் ரிக் கார்லைல் ஏழெட்டுப் பேரை மட்டும் நம்பாமல் பத்துப் பேர்வரை மாற்றி மாற்றி இறக்குகிறவர். களைப்பில்லாத கால்கள் எப்போதும் களத்தில் இருக்கும். இதற்கு எதிராக டேக்னால்ட் வாலஸை இறக்கியது யோசிக்காமல் செய்தது அல்ல. முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் இந்தியானா 19 தடவை பந்தைத் தவறவிட்டது. வேகமான கைகள் வேலை செய்தன என்பதற்கு அது சாட்சி. ஆனால் ரீபவுண்டில் இந்தியானாவின் கை ஓங்கியது. லாபமும் வந்தது, நஷ்டமும் வந்தது.

இரண்டாவது ஆட்டத்தை அதே ஐவரோடு தொடங்கி, தண்டர் 123-107 என்று வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் 116-107 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் இந்தியானாவின் மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்தது 49 புள்ளி. தண்டரின் மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்தது 18. பெனடிக்ட் மாத்துரின் பெஞ்சிலிருந்து வந்து 27 புள்ளி எடுத்தார். தொடக்க ஐவரைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, ஆட்டத்தை முடித்து வைத்தது பெஞ்ச்!

தண்டர் 1-2 என்று பின்தங்கியது. நான்காவது ஆட்டத்தில் டேக்னால்ட் ஹார்டன்ஸ்டைனை மறுபடி தொடக்க ஐவருக்கு அழைத்தார். அன்று தண்டரின் 3 புள்ளி வீச்சு 17-ல் மூன்றுதான் விழுந்தது. அப்படி இருந்தும் 111-104 என்று வென்றார்கள். ஷை கில்ஜியஸ் அலெக்சாண்டர் 35 புள்ளி எடுத்தார். வெளியிலிருந்து எறிவது பலிக்காத நாளில், உள்ளே பலம் இருந்தது கைகொடுத்தது. பிறகு ஐந்தாவது ஆட்டம் தண்டருக்கு, ஆறாவது இந்தியானாவுக்கு, ஏழாவது ஆட்டத்தை 103-91 என்று வென்று தண்டர் சாம்பியன் ஆனது. அந்த ஏழாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே ஹாலிபர்டன் குதிகால் நரம்பு அறுந்து வெளியேறினார் என்பதையும் மறக்கக் கூடாது. வெற்றிக்கு எல்லாமே பயிற்சியாளரின் மூளைதான் காரணம் என்று சொல்வது மிகை.

டேக்னால்ட் முதல் ஆட்டத்தில் மாற்றியது சரியா, தவறா? எங்கள் அபிப்பிராயம் இது: மாற்றியதில் தவறில்லை. ஆனால் கெர் 2015-ல் மூன்று ஆட்டம் பார்த்த பிறகு மாற்றினார். பாபோவிச் 2014-ல் இரண்டு ஆட்டம் பார்த்த பிறகு மாற்றினார். எதிரி நேரில் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டுச் செய்த மாற்றங்கள் அவை. டேக்னால்ட் பார்ப்பதற்கு முன்பே மாற்றினார். அந்த அவசரத்துக்கு ஒரு விலை இருந்தது. ஆனால் அவரிடம் ஒரு பெரிய குணம் இருந்தது. தாம் போட்ட கணக்கைத் தாமே அடித்துத் திருத்த அவர் வெட்கப்படவில்லை. கோப்பை கிடைத்ததில் அந்தக் குணத்துக்கும் பங்கு உண்டு.

உட்கார்ந்திருப்பவரின் கதை

இதுவரை பயிற்சியாளர்களைப் பற்றியே பேசினோம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கதை என்ன?

இகுவடாலா 2014 வரை தாம் ஆடிய ஒவ்வொரு என்.பி.ஏ. லீக் ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் இருந்தவர். கெர் பயிற்சியாளராக வந்ததும், இளைஞர் ஒருவருக்கு இடம் விட்டு பெஞ்சிலிருந்து வரும்படி கேட்டுக்கொண்டார். இகுவடாலா ஒப்புக்கொண்டார். அந்த லீக் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் தொடக்க ஐவரில் இல்லை. இறுதிப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில்தான் அழைப்பு வந்தது. அந்த இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது!

இது இனிப்பான கதை. இதற்கு மறுபக்கம் போகட். அந்த ஆண்டு முழுவதும் வாரியர்ஸின் தடுப்புச் சுவராக நின்றவர் அவர். நான்காவது ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட இல்லை. அணி கோப்பையை வாங்கியபோது அவரும் சாம்பியன்தான். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களையும் அவர் உட்கார்ந்து பார்த்தார்.

ஹார்டன்ஸ்டைன் உட்கார்ந்தார், மறுபடி அழைத்தபோது எழுந்து வந்து ஆடினார். கோபித்துக்கொண்டு மூலையில் இருந்திருந்தால் நான்காவது ஆட்டம் என்ன ஆகியிருக்குமோ!

எதிரியைப் பார்த்து அணியை மாற்றுவது மூளை வேலை. மாற்றப்பட்டவரின் மனம் கெடாமல் வைத்திருப்பது அதைவிடக் கஷ்டமான வேலை. ஏன் என்றால், இன்று உட்கார்ந்தவர் நாளை வேண்டியிருக்கும். வேறு எதிரி வருவான். அவனுக்கு வேறு ஆள் வேண்டும்.

நம் மைதானங்களில்

இது அமெரிக்காக்காரன் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் 2017 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி, ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டே புள்ளி! அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு நிமிடம் யார் களத்தில் நின்றார், யார் உட்கார்ந்தார் என்பது சின்ன விஷயமா?

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு அக்கறையும் இருக்கிறது. ரயில்வேயிலும் பேங்குகளிலும் போலீஸ் இலாகாவிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சென்னையில் பிறந்து, 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை வகித்து, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை ரயில்வே ஊழியர்தான். கூடைப்பந்து ஆடும் ஏழைப் பையனுக்கு ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. பிழைப்புக்கு ஒரு வாசல். பெரிய ஆட்டத்தில், தேர்வாளர்கள் வந்து உட்காரும் நாளில், களத்தில் நிற்பது அவனுக்கு எவ்வளவு முக்கியம்!

எங்கள் குடியிருப்புப் பையனுக்கு நேர்ந்ததும் இதுதான். ஒரு போட்டியில் கால் இறுதி, அரை இறுதி இரண்டிலும் அவன் தொடக்க ஐவரில் இருந்தான். இறுதி ஆட்டத்தில் எதிரணி குட்டையான, வேகமான அணி. அவனை உட்கார வைத்தார்கள். கணக்குப்படி பார்த்தால் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவனிடம் யாரும் சொல்லவில்லை. மைதானத்தில் பெயர் வாசிக்கும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஷிப்டு மாற்றிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருந்த அவன் அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மகன் என்ன தப்புச் செய்தான் என்றுதான் அவர் என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பையன் பயிற்சிக்குப் போகவில்லை.

தப்பு எதுவும் இல்லை. எதிரி மாறினான், கணக்கு மாறியது. அவ்வளவுதான். அதை முதல் நாள் மாலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், அந்தப் பையன் பெஞ்சில் இருந்தபடியே எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருப்பான். சொல்லாததால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

நம் மைதானங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் பலர் சம்பளம் இல்லாமல், ஆபீஸ் முடிந்து வந்து சொல்லிக்கொடுக்கிறவர்கள். அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. அவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

ஒன்று: எதிரியை நேரில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கேள்விப்பட்டதை வைத்து மாற்ற வேண்டாம். முடிந்தால் முந்தைய சுற்றில் அவர்கள் ஆடும்போதே ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள். அந்த ஆள் 28 வயது உதவியாளராகவும் இருக்கலாம். பெஞ்சில் இருக்கும் பையனாகவும் இருக்கலாம்.

இரண்டு: மாற்றியது பலிக்கவில்லை என்றால் திருத்திக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். கூடைப்பந்தில் வெளியே வந்தவன் உள்ளே போகலாம் என்ற விதி ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அல்ல, யோசனைகளுக்கும் பொருந்தும்.

மூன்று: உட்கார வைக்கப்போகும் ஆளிடம் முதலில் சொல்லுங்கள். இறக்கப்போகும் ஆளிடம் பிறகு சொன்னால் போதும்.

பையனின் கேள்விக்கு அன்று காலை என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது. நான்காவது ஆட்டத்தன்று ஹார்டன்ஸ்டைன் பெயரைத் தொடக்க ஐவரில் வாசித்தபோது பையன்தான் முதலில் கவனித்தான். "அண்ணா, திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்!" என்றான்.

அன்று மாலை மைதானத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவன்தான்.